தோட்ட ஆபீசுக்கு ஒரே உள்நுழைவு தேவையா?

சிப்புட் கிராணி
மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எங்கள் கம்பெனிக்கு மூன்று தோட்டம், ஒரு மில், ஒரு கிளினிக். சம்பளத்துக்கு ஒரு சிஸ்டம், ஸ்டோருக்கு ஒன்று, எடைப்பாலத்துக்கு ஒன்று, வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்டுக்கு இன்னொன்று, ஈமெயில் தனி. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட், அதோடு கைப்பேசியில் ஓர் உறுதிப்படுத்தல். கருத்து இருந்தால் எழுதித் தரச் சொல்கிறார்கள்.

நான் ஆதரிக்கிறேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓரத்தில் மஞ்சள் தாள் வரிசையாக ஒட்டியிருக்கிறது. சம்பள சிஸ்டத்தின் பாஸ்வேர்ட் கம்பெனிப் பெயரும் வருஷமும்தான். வேலையை விட்டுப் போன ஒருவருடைய கணக்கில் இன்றைக்கும் உள்ளே போகலாம். உள்ளே தொழிலாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், பேங்க் எண், இபிஎஃப் (சேமநிதி) எண் எல்லாம் கிடக்கிறது. மில் நண்பர்கள் எதிர்க்கிறார்கள். காரணத்தை இங்கே சொல்லட்டும்.

மில் ஷிப்ட்
சொல்றேன். நான் எடைப்பாலத்துல நைட் ஷிப்ட். லாரி ஏறுது, எடை விழுது, டிக்கெட் அடிக்கிறோம், அடுத்த லாரி. காய் அதிகம் வர்ற மாசத்துல கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை நிக்கும். இடி மழைன்னா இங்க இணைய லைன் போயிடும், அது உங்களுக்கே தெரியும். இப்ப அந்தக் கம்ப்யூட்டர் தனியா ஓடுது, லைன் இல்லேன்னாலும் டிக்கெட் வரும். நாளைக்கு உள்ளே நுழையறதுக்கே கோலாலம்பூர் சர்வரைக் கேட்கணும்னா, லைன் வர்ற வரைக்கும் குலை லாரியிலேயே கிடக்கும். வெட்டின குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள்ள அவிக்கணும்னு சொல்றதே அதனாலதான். அமிலம் ஏறின எண்ணெய்க்கு விலை இறங்கும். அந்த நஷ்டத்தை யார் தலையில கட்டுவாங்க?

இன்னொண்ணு. இப்ப ஸ்டோர் பாஸ்வேர்ட் திருடு போனா ஸ்டோரோட போச்சு. ஒரே பாஸ்வேர்ட்னா மொத்தமும் போச்சு.

ஈப்போ சிஸ்டம்
அண்ணே, முதல் பாயிண்ட் நூத்துக்கு நூறு சரி. ரெண்டாவதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு.

எல்லா சிஸ்டத்துலயும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு வைக்கிறது வேற, இது வேற. சம்பள சிஸ்டத்தைத் திறந்தா அது உங்ககிட்ட பாஸ்வேர்ட் கேட்காது. அடையாள சர்வருக்கு அனுப்பிடும். பாஸ்வேர்டும் கைப்பேசி உறுதியும் அங்க மட்டும்தான். அந்த சர்வர் "இவர் இன்னார்" என்று கையொப்பமிட்ட ஒரு சீட்டை அனுப்பும், சம்பள சிஸ்டம் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே விடும். இந்தச் சீட்டு முறைக்கான எஸ்ஏஎம்எல் 2.0 என்ற தரநிலை 2005லயே வந்தாச்சு, ஓபன்ஐடி கனெக்ட் 2014ல. நாளைக்கு ஸ்டோர் சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனியில யாராவது புகுந்தாக்கூட அங்க உங்க பாஸ்வேர்ட் இருக்காது. இப்ப அஞ்சு இடத்துல இருக்கு, அதுல எத்தனை பேர் ஒழுங்கா வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது.

கிராணி சொன்ன பழைய கணக்குதான் எனக்குப் பெரிய பயம். 2021 மே மாசம் அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாயே நின்னுபோச்சு. திருடன் நுழைஞ்சது யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குள்ள வர்ற வழி) கணக்கு வழியா. பாஸ்வேர்ட் ஏற்கெனவே வெளியே கசிஞ்சிருந்தது, இரண்டாவது உறுதிப்படுத்தல் கிடையாது. கம்பெனி 44 லட்சம் டாலர் கப்பம் கட்டுச்சு. ஆள் போன அன்னைக்கே ஒரே இடத்துல கணக்கை மூடினா எல்லாக் கதவும் மூடணும். இந்த ஏற்பாட்டோட முக்கியப் பலனே அதுதான்.

மில் ஷிப்ட்
தம்பி, அந்த சர்வரை விற்கிற கம்பெனியிலயே திருடன் புகுந்தா? இப்படி விற்கிற ஆக்டாங்கிற கம்பெனியில 2023 அக்டோபர்ல நடந்துச்சே. வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பின கோப்புகளை எடுத்து, அதுல இருந்த செஷன் டோக்கனை (ஏற்கெனவே உள்ளே நுழைஞ்சதுக்கான அடையாளத்தை) வச்சு கிளவுட்ஃபிளேர், ஒன்பாஸ்வேர்ட் மாதிரிப் பாதுகாப்புக் கம்பெனிகள் வரைக்கும் கை வச்சாங்க. பூட்டு செய்யறவன் வீட்டுலயே திருட்டு.

2020 டிசம்பர் 14 ஞாபகம் இருக்கா? ஜிமெயில், யூடியூப் எல்லாம் முக்கால் மணி நேரம் போல முடங்கிச்சு. உள்நுழைவைப் பார்த்துக்கிற சிஸ்டத்துக்கு இட ஒதுக்கீட்டைத் தவறாக் குறைச்சிட்டாங்க, அவ்வளவுதான். கூகுளுக்கே அப்படின்னா நம்ம கம்பெனிக்கு?

டீச்சர் பேராக்
பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம். 2020இல் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் வந்த பிறகு எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் கல்வி அமைச்சின் ஒரே அடையாளக் கணக்குதான். கூகுள் கிளாஸ்ரூம் உட்படப் பலவற்றுக்கும் அதுவே நுழைவு. பெற்றோர் தோட்டம் மாறினால் பிள்ளையும் பள்ளி மாறும், கணக்கு பிள்ளையோடு போகும். புதிய பள்ளியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

சிரமம் எங்கே என்றால், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு பாஸ்வேர்ட் நினைவில் நிற்காது, அம்மாவும் மறந்துவிடுவார். பள்ளியிலேயே பாஸ்வேர்டை மாற்றித் தர ஒருவர் இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. உங்கள் தோட்டத்தில் ஒருவர் பாஸ்வேர்ட் மறந்தால் யாரைக் கேட்பார்? கோலாலம்பூருக்குப் போன் போட்டு அரை நாள் காத்திருக்க வேண்டுமென்றால் மறுபடியும் மஞ்சள் தாள்தான்.

ஈப்போ சிஸ்டம்
டீச்சர் கேட்டதுதான் பலருக்கும் தோணாத கேள்வி. அதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2023 செப்டம்பர்ல எம்ஜிஎம் ஹோட்டல் குழுமத்தை முடக்கினவங்க, உதவி மையத்துக்குப் போன் போட்டு ஊழியர் மாதிரிப் பேசித்தான் உள்ளே வந்தாங்கன்னு செய்தி. சுமார் 10 கோடி டாலர் பாதிப்புன்னு கம்பெனியே கணக்குச் சொல்லிச்சு. அதனால பாஸ்வேர்ட் மாத்தித் தர்ற உரிமை ஆளை நேர்ல பார்க்கக்கூடிய ஒருத்தர்கிட்ட இருக்கணும். மூணு தோட்டத்துக்கும் தலா ஒரு கிராணிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம், யார் எப்போ மாத்தினாங்கன்னு பதிவோட.

ஆக்டா விஷயத்தை நான் மறுக்கலை அண்ணே. ஆனா மஞ்சள் தாள் ஒட்டின கம்ப்யூட்டரை விட அது பாதுகாப்புக் குறைவுன்னு உங்களால சொல்ல முடியுமா? வெளிக் கம்பெனி வேண்டாம்னா கீகிளோக்னு ஒரு அடையாள சர்வர் சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், நம்ம சர்வர்லயே ஓட்டலாம். பார்த்துக்க ஆள் வேணும், அந்தச் செலவை மறைக்கக் கூடாது. இன்னொரு செலவும் இருக்கு: பல சாஃப்ட்வேர் கம்பெனிகள் எஸ்எஸ்ஓ (ஒரே உள்நுழைவு) இணைப்பை விலை கூடின திட்டத்துலதான் தர்றாங்க. எஸ்எஸ்ஓ வரின்னே இதுக்குப் பேர் வந்தாச்சு. சின்ன நிறுவனங்கள் இதனால தயங்குதுன்னு அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனமான சீசாவும் 2024ல அறிக்கை விட்டிருக்கு.

சிப்புட் கிராணி
கணக்கை மூடுவது பற்றி ஒன்று. ஆள் போனதை யார் சொல்வது? பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) ஆளைக் காணோம் என்றால் மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) அன்றைக்கே தெரியும். செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) பெயர் நீக்கப்படுவது மாதக் கடைசியில். தலைமை அலுவலகத்துக்குத் தெரிவது அதற்கும் பிறகு. எவ்வளவு நல்ல சாஃப்ட்வேர் வாங்கினாலும், செக்ரோலில் மாற்றம் போட்ட அன்றே கணக்கு மூடாவிட்டால் ஒன்றும் மாறாது.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இப்போது சம்பளச் சீட்டு கைப்பேசியில் வருகிறது. அவர்களுக்குப் பாஸ்போர்ட் எண்ணையே அடையாளமாக வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறிவிடும். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார், பழைய கணக்கில் சம்பள விவரம் அநாதையாகக் கிடக்கும். செக்ரோல் எண் வேலையில் இருக்கும்வரை மாறாது, அதைத்தான் அடையாளமாக வைக்க வேண்டும்.

ஈப்போ சிஸ்டம்
இதை அப்படியே எழுதிக் கொடுங்க. சம்பள சிஸ்டத்துல ஆள் நிறுத்தப்பட்டா மத்த எல்லாத்துலயும் தானாக் கணக்கு நிறுத்தப்படறதுக்கு ஸ்கிம்னு ஒரு தரநிலை 2015ல இருந்தே இருக்கு. வாங்கற சாஃப்ட்வேர் அதை ஆதரிக்குதான்னு கேளுங்க. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி 2025 ஜூன் 1லிருந்து தரவு கசிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள ஆணையருக்குச் சொல்லணும். யார் உள்ளே போனாங்கன்னே தெரியாத ஆபீஸ் என்னத்தைச் சொல்லும்?

மில் ஷிப்ட்
சரி, பொதுக் கம்ப்யூட்டருக்கு வாங்க. மில்லுல ஒரு கம்ப்யூட்டரை மூணு ஷிப்டும் பயன்படுத்துறோம். எனக்கு முன்னாடி இருந்தவர் கணக்கிலிருந்து வெளியேறாம பிரவுசரை மட்டும் மூடிட்டுப் போயிடுவார். நான் ஸ்டோரைத் திறந்தா பாஸ்வேர்ட் கேட்காம அவர் பேர்லயே திறக்கும். நான் டீசல் எடுத்தா அவர் எடுத்ததாப் பதிவாகும். பழைய முறையில ஒரு சிஸ்டத்துலதான் இந்தக் குழப்பம். ஒரே உள்நுழைவுன்னா அவர் சம்பளச் சீட்டு வரைக்கும் எனக்குத் தெரியும். நடக்காதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.

ஈப்போ சிஸ்டம்
நடக்கும். ஒரு சிஸ்டத்துல வெளியேறினா எல்லாத்துலயும் வெளியேறணும்னு எஸ்ஏஎம்எல்லயே வழி இருக்கு, ஆனா நடைமுறையில பல சாஃப்ட்வேர்ல ஒழுங்கா வேலை செய்யறதில்லை. அதனால பொதுக் கம்ப்யூட்டருக்குத் தனி விதி வேணும்: சில நிமிஷம் கை படலேன்னா தானாப் பூட்டிக்கணும், சம்பளச் சிஸ்டம் அந்தக் கம்ப்யூட்டர்ல திறக்கவே கூடாது. எடைப்பாலம் இந்த ஏற்பாட்டுக்குள்ள வரவே வேண்டாம். உள்ளூர்க் கணக்குல தனியா ஓடட்டும், ஆனா ஆளுக்கு ஒரு பேர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். டிக்கெட் விவரம் லைன் வந்ததும் மேல போகட்டும். அதோட ஒரு அவசரக் கணக்கு, பாஸ்வேர்டை உறையில போட்டு ஒட்டி மேனேஜர் பெட்டகத்துல.

தொழிலாளர் பக்கம்
நான் ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரன். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. உறுதிப்படுத்தும் செயலியை எந்தக் கைப்பேசியில் போடுவது? மண்டோரின் சொந்தக் கைப்பேசியில். பழைய போன், இடமில்லை, டேட்டா அவர் காசு. போன் ரிப்பேர் என்றால் அன்றைக்கு வேலைப் பதிவு போட முடியாது, பேச்சு வாங்குவது அவர். கம்பெனி வேலைக்குக் கம்பெனிதான் கருவி கொடுக்க வேண்டும். கத்தியும் கையுறையும் கொடுக்கும் இடத்தில் இதையும் கேட்க வேண்டும்.

சிப்புட் கிராணி
ஐயா, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இருக்கிறது, சிக்னலும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஆகும். கணக்கு வைத்திருக்கும் மண்டோர், கிராணி, மில் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

கடிதத்தில் எழுதப் போவது: எடைப்பாலம் தனி, செக்ரோல் எண்ணே அடையாளம், ஆள் போன அன்றே கணக்கு மூடல், தோட்டத்திலேயே பாஸ்வேர்ட் மாற்றித் தர ஒருவர், சாவிக்குக் கம்பெனி காசு. மில் பக்கத்திலிருந்தும் கையெழுத்து வேண்டும்.

மில் ஷிப்ட்
எடைப்பாலம் தனின்னு அவங்க எழுத்துல பதில் கொடுத்தா நான் கையெழுத்துப் போடுறேன், நைட் ஷிப்ட் ஆளுங்ககிட்டயும் பேசுறேன். சாவி வாங்கித் தராம செயலியைச் சொந்தப் போன்ல போடச் சொன்னா எங்க பக்கத்துல யாரும் போட மாட்டோம். அதையும் கடிதத்துல சேருங்க.