புத்தரை எழுதும் சீன எழுத்து (佛): எங்கே பார்த்தீர்கள், எப்படி ஒலிக்கக் கேட்டீர்கள்?

ஒசாகாவிலிருந்து

ஊரிலிருந்து யார் வந்தாலும் நாராவுக்கு அழைத்துப்போய் தோதாய்ஜி கோயிலைக் காட்டுவது என் வழக்கம். உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. இதைச் சொன்னதும் வந்தவர்கள் இன்னொரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலையின் பெயர் 'தாய்புத்சு'. தாய் என்றால் பெரிய. புத்சு நம் புத்தரேதான்.

அந்தப் 'புத்சு' எழுத்தை ஜப்பானில் எளிமையாக்கிவிட்டார்கள் (仏). இடப்பக்கம் ஆளைக் குறிக்கும் இரண்டு கோடுகள், வலப்பக்கம் சின்ன முக்கோணம் போல ஒன்று. பழைய வடிவத்தைக் கோயில் பலகைகளில்தான் அதிகம் பார்க்கலாம். ஆனால் எளிய வடிவம் நாளிதழில் பிரெஞ்சு அதிபர் பற்றிய தலைப்பில் நின்றதைப் பார்த்துத்தான் நான் இந்த எழுத்தின் பின்னால் போக ஆரம்பித்தேன். பிரான்ஸ் என்ற பெயரை முன்பு சீன எழுத்துகளில் ஒலிக்காக எழுதியபோது முதல் எழுத்தாக இதை வைத்திருக்கிறார்கள். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க இன்றும் அந்த ஒன்றே போதும். அங்கே அதை 'ஃபுத்சு' என்று வாசிக்க வேண்டும். 'ஃபுத்சுகோ' என்றால் பிரெஞ்சு மொழி, 'புத்சுகோ' என்றால் பௌத்தச் சொல். எழுதினால் இரண்டும் ஒன்றேதான். இடத்தைப் பார்த்துத்தான் வாசிக்க முடியும்.

இதே எழுத்துக்கு 'ஹொதோகே' என்றும் ஒரு வாசிப்பு உண்டு. புத்தரையும் சொல்லும், இறந்துபோனவரையும் சொல்லும். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் கணவரைப் பற்றி அப்படிச் சொன்னார். நாம் 'சாமிகிட்ட போயிட்டார்' என்கிறோமே, அந்த மரியாதை அவர் குரலில் இருந்தது.

பினாங்கிலிருந்து

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரே வீட்டுக்குள் இந்த எழுத்துக்கு மூன்று ஒலி. பாட்டி ஹொக்கியன்காரர், 'ஹுட்' என்பார். மருமகள் ஈப்போவிலிருந்து வந்தவர், கான்டனீஸில் 'ஃபட்'. சீனப் பள்ளிக்குப் போகும் பேரன் மாண்டரினில் 'ஃபோ'. பள்ளியில் சொல்லிக்கொடுப்பதுதான் சரி என்று பேரன் பாட்டியைத் திருத்துவான். எனக்கு மனசு கேட்காது. ஏனென்றால் புத்தர் பெயர் சீனாவுக்குப் போன காலத்தில் இந்த எழுத்து ப-வில் தொடங்கி ட் போன்ற ஒலியில் முடிந்தது. அதற்காகத்தான் இதையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு மாண்டரின் அந்தக் கடைசி ஒலியை விட்டுவிட்டது. ஹொக்கியன், கான்டனீஸ் போன்ற தெற்கத்திய மொழிகள் விடவில்லை. பள்ளிக்கூடமே போகாத அந்தப் பாட்டியின் வாயில்தான் 'புத்' என்பதன் முடிவு இன்னும் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலில் ஒரு பெரியவர் எழுத்துக்கு விளக்கம் சொன்னார்: இடப்பக்கம் 'மனிதன்', வலப்பக்கம் 'அல்ல', ஆகவே மனித நிலையைக் கடந்தவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலப்பக்க உறுப்பு (弗) ஒலிக்காக நின்றது, பொருளுக்காக அல்ல. கி.பி. 100இல் முடிந்த 'ஷுவோவென்' அகராதியிலேயே இந்த எழுத்து இருக்கிறது. அங்கே அதன் பொருள் 'தெளிவாகத் தெரியாதது'. புத்தர் பேச்சே இல்லை. அந்தப் பழைய பொருள் இன்றும் சாகவில்லை. மாண்டரினில் 'ஏதோ போலத் தோன்றுகிறது' என்பதற்கான 'ஃபாங்ஃபு' என்ற சொல்லில் இதே எழுத்துதான், 'ஃபு' என்ற வாசிப்போடு.

சியோலிலிருந்து

இங்கே 'புல்'. கியோங்ஜு ஊரின் புல்குக்சா கோயிலில் வரும் 'புல்' இதுதான். சீனத்தில் ட்-இல் முடிந்த சொற்கள் கொரியனுக்கு வந்தபோது வரிசையாக ல் ஆகிவிட்டன.

அப்புறம் ஒரு வேடிக்கை. நாம்தேமுன் சந்தையில் வெளிநாட்டுக்காரர்களிடம் டாலரையும் 'புல்' என்றே சொல்லக் கேட்கலாம். பினாங்கு நண்பர் சொன்ன அந்த வலப்பக்க உறுப்பு மட்டும் தனியே நின்றால் டாலர் குறி போலவே இருக்கும். அதனால் ஜப்பானில் அதை டாலருக்கு எழுதினார்கள். கொரியாவுக்கும் அது வந்தது. ஒரே ஒலி, பாதி எழுத்து, காசுக்கு.

ஹனோயிலிருந்து

வியட்நாமில் இரண்டு சொல் உண்டு. கோயிலில் கும்பிட்டுச் சொல்வது 'ஃபட்'. குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் வருபவர் 'புட்'. தாம், காம் என்ற இரண்டு பெண்களின் கதையில், தாம் அழும்போதெல்லாம் வந்து 'ஏன் அழுகிறாய்?' என்று கேட்கிற கிழவர் இவர்தான். 'புட்' முதலில் வந்த சொல், சீனத்தில் அந்தப் ப இன்னும் ஃப ஆகாத காலத்தில் வாங்கியது. 'ஃபட்' பிறகு புத்தகங்கள் வழியாக வந்தது. எழுத்தைத்தான் இங்கே இளைஞர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது எல்லாமே லத்தீன் எழுத்து.

ஹக்கா என்ற சீன மொழி பேசுகிற வீடுகளோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால், அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.