மனோதத்துவ வீடியோ நிறையப் பார்த்தாச்சு, வாழ்க்கை மட்டும் அப்படியே இருக்கு. எதிலிருந்து தொடங்குவது?

கொலுசுக்கணக்கு எழுதியது:

வணக்கம். வீடு சேலம் கன்னங்குறிச்சி, வீட்டில் ஒரு பாப்பா உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர ராத்திரி எட்டு ஆகும். பெரிய கஷ்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் வேலை, சாப்பாடு, போன், தூக்கம் என்றே நாள் ஓடிவிடுகிறது. ஞாயிறு கூட அப்படித்தான்.

அதிகாலை எழுந்திரு, நன்றி எழுது, தியானம் பண்ணு, கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று சொல், 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமைக்குள் விட்டுவிடுகிறேன். இதில் எதற்கு உண்மையிலேயே ஆதாரம் உண்டு? எதை, எவ்வளவு, எந்த வரிசையில் செய்வது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூக்கனேரிக் கரை எழுதியது:

இத்தனையையும் ஒரே நாளில் தொடங்கினால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது சார். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். தொழிலாளிக்கு வெள்ளி கொடுக்கும்போதும் எடை போடுவீர்கள், கொலுசாகத் திரும்பி வரும்போதும் எடை போடுவீர்கள். அப்போதுதானே சேதாரம் எவ்வளவு என்று தெரிகிறது? உங்கள் நாளுக்கு இதுவரை அந்த எடையே போடவில்லை. நோட்டில் மணி வாரியாகக் கோடு போட்டு, என்ன செய்தீர்கள் என்று நான்கைந்து வார்த்தை எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு எண், இரண்டும் 0 முதல் 10 வரை. ஒன்று, அந்த மணி நேரத்தில் கிடைத்த சந்தோஷம். மற்றது, "ஒரு வேலையை உருப்படியாக முடித்தோம்" என்ற நிறைவு. இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். போன் பார்ப்பதற்குச் சந்தோஷம் 4, நிறைவு 0 என்று வரும். பீரோவை ஒழுங்கு பண்ணினால் சந்தோஷம் 2, நிறைவு 7 வரும். சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. முழு நாளையும் படுக்கப் போகும்போது ஞாபகத்திலிருந்து எழுதுவது முதல் தப்பு. அந்த நேரத்துச் சோர்வு காலையில் நடந்ததன் மீதும் படிந்து, எல்லாம் 2, 3 என்றே வரும். மதியம் சாப்பிட்டதும், பட்டறையை விட்டுக் கிளம்பும்போதும், படுக்கும் முன்னும் என மூன்று தடவையாக எழுதுங்கள். இரண்டாவது தப்பு, எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிடுவது. உங்களுக்கு 0 எது, 10 எது என்று சொந்த உதாரணம் ஒன்றை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் எண்கள் விலகி நிற்கும்.

இரண்டாவது வாரம் நோட்டைப் புரட்டுங்கள். எண் அதிகமாக இருந்தும் நேரம் குறைவாகக் கிடைத்த காரியம் கட்டாயம் இரண்டு மூன்று இருக்கும். அதில் இரண்டை மட்டும் எடுத்து, 10 அல்லது 15 நிமிட அளவில், வாரத்துக்கு மூன்று நாள் வையுங்கள். ஒன்றாவது இன்னொரு மனிதரோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் நல்லது. இந்த இடத்தில் பலர் "ஞாயிறு ஏற்காடு போகலாம்" என்று எழுதிவிடுவார்கள். ஏற்காடு அருமையான இடம்தான், ஆனால் இதற்கு உதவாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி, ஒரு முழு நாள் வேண்டும். மாதம் ஒரு தடவை கூட நடக்காது. நடக்காத ஒவ்வொரு ஞாயிறும் "இதுவும் முடியவில்லை" என்று கணக்கில் ஏறும். சிறியதாக, அடிக்கடி வருவதாக இருக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பெயர் பிஹேவியரல் ஆக்டிவேஷன். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் போட்ட அடித்தளம். பலன் தரும் செயல்கள் குறையக் குறைய மனம் மங்கும், மனம் மங்கினால் செயல் இன்னும் குறையும் என்பது அவர் கருத்து. அந்தச் சுற்றைச் செயல் பக்கமிருந்து உடைக்கிறோம். மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. 2016இல் இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 440 பேரிடம் செய்த சோதனையில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைக்கு இது சளைத்ததாக இல்லை. அது நோயாளிகளிடம் செய்தது. உங்களைப் போல நாள் சப்பென்று ஓடுகிறவர்களுக்கும் தொடங்க இதுதான் சரியான இடம் என்பது என் கருத்து.

அம்மாபேட்டைத் தறி எழுதியது:

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வாரத்துக்கு மூன்று நாள்" என்று மட்டும் எழுதிவைத்தால் நழுவிப் போயிடும். எப்போது, எங்கே, எதைத் தொட்டு என்று கட்ட வேண்டும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்று ஒரே வாக்கியமாக எழுதுவதுதான் முறை. 2006இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் வாக்கியம் எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கு. "ராத்திரி எட்டே காலுக்கு நடப்பேன்" என்று எழுதாதீங்க. ஐந்து ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டினால் எட்டரைதான் வருவீங்க, "இன்னைக்கு நேரம் போச்சு" என்று விட்டுடுவீங்க. கடிகாரத்தை விட, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியம் உறுதியான கொக்கி. "வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டதும், பையை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்புவேன்." அவ்வளவுதான். சட்டை மாற்றி, காபி குடித்து, சோபாவில் உட்கார்ந்த பிறகு என்றால் நடக்காது. மூக்கனேரி ஏரிக்கரையில் நடப்பதை ஞாயிறு காலைக்கு வைச்சுக்கோங்க. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் முடிச்சிடணும், அப்புறம் வெயில் தாங்காது.

போனுக்கும் இதே மாதிரி. ஆனால் "போன் பார்க்க மாட்டேன்" என்று எழுதினால் எதிர்மாறாகப் போகும். வேண்டாததையே வாக்கியத்தில் வைத்தால் அந்த நினைப்புதான் பலப்படும் என்று ஆய்வில் பார்த்திருக்காங்க. அந்த இடத்தில் என்ன செய்வீங்க என்று எழுதுங்க. "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, பாப்பாவுக்குக் கதைப் புத்தகம் எடுப்பேன்." சார்ஜர் கட்டில் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோஜனமில்லை.

எழுதும் முன் ஐந்து நிமிஷம், எது குறுக்கே வரும் என்று யோசியுங்க. இதை கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் வலியுறுத்துகிறார். நல்லதை மட்டும் கற்பனை செய்து பார்த்தால் முயற்சி குறைகிறது என்பது அவர் ஆய்வில் கண்டது. வெளித்தடை மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற தடையையும் எழுதணும். "வந்ததும் யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் தேவலை என்று தோன்றும்" என்பது உண்மையான தடை. அதற்கும் ஒரு வாக்கியம் வேணும்.

21 நாள் விஷயம்: 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அதுதான் திரிந்து இப்படி வந்திருக்கு. லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலி குழு 12 வாரம் பார்த்ததில், பழக்கம் படிய ஆன நாட்களின் நடுமதிப்பு 66. அந்தப் போக்கை முன்னால் நீட்டிக் கணக்குப் போட்டதில், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை என்பதுதான் அதில் உங்களுக்கு முக்கியம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும், தீபாவளி ஆர்டர் வரும், அப்போது 15 நிமிஷம் கிடைக்காது. அந்த நாட்களுக்கு இரண்டு நிமிஷ அளவு ஒன்றை இப்பவே முடிவு பண்ணி வைங்க. வாசல் வரை போய்த் திரும்பினாலும் அது கணக்கில் சேர்த்தி.

கொலுசுக்கணக்கு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எடைக் கணக்கு உதாரணம் நன்றாகப் புரிந்தது. இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். படுத்தால்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. வெள்ளி விலை ஏறி இறங்குவது, வியாபாரிகளிடம் நிற்கும் பாக்கி, பள்ளிக் கட்டணம். நினைக்காமல் இருக்க முயன்றால் இன்னும் அதிகமாகிறது. அதனால்தான் போனை எடுக்கிறேன்.

சேர்வராயன் காற்று எழுதியது:

நினைக்காதே என்று மனதுக்குச் சொன்னால் அது கேட்காது. வேறு நேரம் ஒதுக்கித் தருகிறேன் என்றால் ஓரளவு கேட்கும். 1983இல் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு சோதித்த முறை இது. கவலைப்படுவதற்கென்றே தினம் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். மற்ற வேளைகளில் கவலை வந்தால் ஒரு வார்த்தையில் குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது.

உங்களுக்கு 20 நிமிடம் போதும். படுக்கையறையில் வேண்டாம், படுக்கப் போகும் நேரத்தை ஒட்டியும் வேண்டாம். பட்டறையில் கணக்கு நோட்டை மூடியதும் அங்கேயே உட்காரலாம். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் நாம் ஏதாவது செய்யக்கூடியவை, வலது பக்கம் நம் கையில் இல்லாதவை. பாக்கி இடது பக்கம் வரும்: "புதன் காலை பதினொன்றுக்குப் போன் பண்ணி, பாதியாவது கேட்பது." வெள்ளி விலை வலது பக்கம். அதற்கு எதிரே தீர்வு எழுத முயலாதீர்கள். அப்படி எழுதினால் 20 நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். அதை உட்கார்ந்து கவலைப்படலாம், அதற்குத்தானே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அலாரம் அடித்ததும் எழுந்துவிட வேண்டும்.

முதல் பத்து நாளில் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுமாறும். இன்று கவலை எதுவும் இல்லை என்று அந்த நேரத்தைத் தவிர்ப்பீர்கள். அன்று ராத்திரி அது பழைய இடத்துக்கே வந்துவிடும். கவலை இல்லாவிட்டாலும் உட்காருங்கள். அல்லது, தள்ளிப்போட்ட பிறகும் அது திரும்பத் திரும்ப வரும். வரத்தான் செய்யும். வந்த தடவையெல்லாம் சண்டை போடாமல் "நாளைக்கு ஏழு மணிக்கு" என்று மறுபடி குறித்தால் போதும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் தாளில் எழுதுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், நாளைய வேலையை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களை விடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

அப்படியும் தூக்கம் வராமல் ஏறத்தாழ 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் (கடிகாரம் பார்க்கக் கூடாது) எழுந்து ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்ப வாருங்கள். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொன்னது. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது. ஞாயிறு உட்பட. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

குகைத்தெரு எழுதியது:

கண்ணாடி முன்னால் சொல்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை நிறுத்திவிடுங்கள். 2009இல் கனடாவில் ஜோன் வுட் குழு செய்த ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் கீழே போனது. ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் உதவியது. மனம் நம்பாததைச் சொன்னால் அதற்கு எதிரான ஆதாரத்தை மனமே எடுத்து நீட்டும்.

நன்றி எழுதுவது வேறு. அதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் தினமும் தேவையில்லை. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டதில் ஒரு சோதனை வாரம் ஒரு முறை, ஐந்து விஷயம் என்ற அளவில்தான் நடந்தது. தினமும் எழுதினால் "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று மந்திரம் போல ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ஒரு நாள், யார் என்ன செய்தார், அது ஏன் உங்களுக்கு உதவியது என்று துல்லியமாக எழுதுங்கள். முடிந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். தோற்ற பிறகு தன்னைக் கனிவாக நடத்தியவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள் என்று 2012இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். கனிவு சோம்பேறியாக்கும் என்ற நம் பயத்துக்கு ஆதாரமில்லை.

மூக்கனேரிக் கரை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இதெல்லாம் சப்பென்று ஓடும் நாளுக்கான முறை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ, கூடவே பசி, தூக்கம், கவனம் மாறியிருந்தாலோ நோட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே கூப்பிட வேண்டும். சோர்வுதான் முக்கியப் பிரச்சினை என்றால் தைராய்டு, ரத்தசோகை, பி12 இவற்றை டாக்டரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. உடம்புக் குறையை மனக்குறை என்று நினைத்து மாதக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு.

கொலுசுக்கணக்கு எழுதியது:

எண் போடுவதை இந்தத் திங்கள் தொடங்குகிறேன். போனிலேயே குறித்துக்கொள்ளலாமா, நோட்டுதான் வேண்டுமா?

மூக்கனேரிக் கரை எழுதியது:

நோட்டு. குறிக்கப் போனைத் திறந்தால் அடுத்த அரை மணி நேரம் அதிலேயே போகும், அதையும் எழுத வேண்டி வரும். சட்டைப்பையில் அடங்கும் 40 பக்கக் குட்டி நோட்டு ஒன்று போதும், நாளுக்கு ஒரு பக்கம். திங்கள் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று மதியம் சாப்பிட்ட நேரத்திலிருந்தே எழுதுங்கள்.