தக்காளியில் தாய்ச்செடி தேர்வு: எதை வைத்து எடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். பிகேஎம் 1 (பெரியகுளம் 1) என்ற தக்காளி ரகத்தையும் எங்கள் பக்கத்து நாட்டு ரகம் ஒன்றையும் இனக்கலப்பு செய்து, இப்போது இரண்டாம் தலைமுறை காய்ப்பில் நிற்கிறது. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி. விதைக்கு எதை நிறுத்துவது என்பதில்தான் உங்கள் உதவி தேவை.

ஒரு செடியில் கொத்துக்கு ஏழெட்டுக் காய், ஆனால் எல்லாம் எலுமிச்சை அளவு. பக்கத்துச் செடியில் கொத்துக்கு மூன்றே காய், ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கிறது. காய் எண்ணிக்கை கூடினால் எடை குறைவது தக்காளியில் வழக்கம்தான். மொத்த எடையை மட்டும் பார்த்து எடுக்கவும் தயக்கமாக இருக்கிறது. வரப்போரச் செடிக்கு வெயிலும் இடமும் கூடுதல், அதனாலேயே அது நன்றாகக் காய்த்திருக்கலாம். அந்தக் காய்ப்பு விதையில் இறங்காதே. அதனால் ஓரச் செடிகளை ஒதுக்கிவிட்டேன்.

இலைச்சுருட்டு நோய் வந்தவற்றையும் கழித்தாயிற்று. எவ்வளவு காய்த்தாலும் அந்தச் செடி எனக்கு வேண்டாம்.

தக்காளி தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், நல்ல செடிகளின் விதையைத் தனித்தனியாக எடுத்து, செடிக்கு ஒரு வரிசையாக நட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: இந்தத் தலைமுறையில் கொத்துக்கு எத்தனை காய் என்பதைப் பார்ப்பதா, காய் எடையைப் பார்ப்பதா? வரிசைக்குக் குறைந்தது எத்தனை செடி வேண்டும்? அப்புறம், சித்திரை வெயிலிலும் பூ உதிராமல் பிஞ்சு பிடிக்கும் குணத்தை இப்போதே தேடலாமா, ரகம் நிலைத்த பிறகா?