அன்பவுண்ட் + கீப்அலைவ்டு: சர்வர் சரியாகப் பதில் சொல்லாதபோதும் ஹெல்த் செக் 'ஓகே' என்கிறது, விஐபி நகரவில்லை

அவிநாசிரோடு | ஞாயிறு காலை 9.10

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். ஆபீஸ், கட்டிங், பவர் டேபிள், பேக்கிங் எல்லாம் இங்கே. நிட்டிங் யூனிட் பல்லடத்தில். பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர் எல்லாம் சேர்த்தால் இரண்டு இடத்திலும் 400 மெஷின் வரும்.

டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) 10.10.5.11, 10.10.5.12 (கீழே .11, .12) என்று இரண்டு சின்ன சர்வர். இரண்டிலும் டெபியன் லினக்ஸ், டிஎன்எஸ் பதில் சொல்ல அன்பவுண்ட். முன்னால் கீப்அலைவ்டு. விஐபி என்ற பொது முகவரி 10.10.5.10ஐ, பிரையாரிட்டி அதிகமுள்ள சர்வரில் வைத்து, அது விழுந்தால் மற்றதற்கு நகர்த்துவது அதன் வேலை. மெஷின்களுக்கு நெட்வொர்க் விவரம் கொடுக்கும் டிஹெச்சிபி எல்லோருக்கும் இந்த ஒரு முகவரியைத்தான் கொடுக்கிறது. ஈஆர்பி (கம்பெனி வேலைகளுக்கான உள் சாஃப்ட்வேர்) மாதிரி உள்ளூர்ப் பெயர்கள் அன்பவுண்டின் லோக்கல் டேட்டாவில் இருக்கின்றன. கான்ஃபிக் முழுவதும் அன்சிபிள் (ஒரே இடத்திலிருந்து சர்வர்களுக்கு அமைப்பை அனுப்பும் கருவி) மூலம்தான் போகிறது, கையால் எதையும் தொடுவதில்லை.

நேற்று சனிக்கிழமை, வாரச் சம்பள நாள். 6.40க்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் .11 இருந்த யுபிஎஸ் கைவிட்டுவிட்டது. விஐபி உடனே .12க்குப் போனது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுவரை நினைத்தபடிதான் நடந்தது. மூன்று நிமிஷத்தில் .11 எழுந்து வந்து, அதற்குப் பிரையாரிட்டி அதிகம் என்பதால் விஐபியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதிலிருந்து ஈஆர்பி திறக்கிறது, வெளித் தளம் எதுவுமே திறக்கவில்லை. பீஸ் ரேட் ஆட்களின் சம்பளப் பட்டியலைப் பேங்க் தளத்தில் ஏற்றவேண்டிய நேரம். செக்கிங் அக்காக்கள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பல்லடம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் அவர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் .11இல் கீப்அலைவ்டை நிறுத்தினேன், எல்லாம் திறந்தது. அப்போது மணி 7.25.

சர்வர் நலமா என்று கீப்அலைவ்டுக்குச் சொல்லும் என் ஹெல்த் செக் ஸ்கிரிப்ட் சின்னதுதான். 2 விநாடிக்கு ஒருமுறை 127.0.0.1 (அதே சர்வர்) மேல் டிக் என்ற டிஎன்எஸ் கேட்கும் கமாண்டை ஓட்டி எல்லோருக்கும் தெரிந்த ஒரு வெளித் தளத்தின் பெயரைக் கேட்கும். அது முடியும்போது தரும் எண், அதாவது எக்ஸிட் கோடு, 0 என்றால் சரி, இல்லை என்றால் விஐபியை விட்டுவிட வேண்டும். அந்த 40 நிமிஷமும் லாகில் ஒரு தோல்விகூடப் பதிவாகவில்லை. எங்கே தவறு என்று யாராவது சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் சரிசெய்தாக வேண்டும்.

சோமனூர் | 9.32

டிக் எல்லாம் எதற்கு? டிஎன்எஸ்ஸின் 53ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, அன்பவுண்ட் சர்வீஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதுமே. எங்கள் லூம் ஷெட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

சரவணம்பட்டி | 9.50

சோமனூர், அந்த வழி இங்கே உதவாதுங்க. நேற்று அன்பவுண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, போர்ட்டும் திறந்துதான் இருந்தது.

தம்பி, .11இல் கீப்அலைவ்டை இன்னும் நிறுத்தித்தானே வைத்திருக்கிறீர்கள்? அதை அப்படியே விட்டுவிட்டு மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். டிக் ஓட்டினால் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் என்ன வருகிறது? உடனே எக்ஸிட் கோடைக் கேட்டால் எவ்வளவு? அப்புறம், டேட் கமாண்ட் என்ன தேதி காட்டுகிறது?

அவிநாசிரோடு | 10.15

அண்ணா, பார்த்தேன். ஸ்டேட்டஸ் சர்வ்ஃபெயில் (சர்வரால் பதில் தர முடியவில்லை). ஆன்ஸர் 0. அடுத்த வரியிலேயே எக்ஸிட் கோடு கேட்டேன், 0 என்றுதான் வருகிறது. தேதியைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷம் பின்னால் நிற்கிறது.

சரவணம்பட்டி | 10.48

இங்கே இரண்டு விஷயம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது.

முதலில் தேதி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். கரண்ட் இருக்கும்வரை அது வெளியே தெரியாது, நேற்று முழுதாக அணைந்து எழுந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டது. உங்கள் அன்பவுண்ட் டிஎன்எஸ்செக்கை, அதாவது பதில்களில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தை, சரிபார்க்கிறது. எல்லாப் பெயர்களுக்கும் உச்சியான ரூட் ஜோன் 2010 ஜூலை முதல் கையெழுத்தோடுதான் வருகிறது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று இரண்டு உண்டு, நடுவில் சில வாரங்கள்தான். இரண்டு வருஷம் பின்னால் இருக்கிற மெஷினுக்கு இன்றைய கையெழுத்து எல்லாமே இன்னும் தொடங்காத கையெழுத்து. ரூட்டையே நம்ப முடியாதபோது கீழே எதையும் நம்பாது, எல்லாவற்றுக்கும் சர்வ்ஃபெயில் கொடுக்கும். ஈஆர்பி திறந்ததற்குக் காரணம், லோக்கல் டேட்டாவுக்கு இந்தச் சரிபார்ப்பு இல்லை.

நெட்வொர்க்கில் நேரம் வாங்கும் க்ரோனி ஓடினால் நேரத்தைத் திருத்தியிருக்குமே என்று கேட்பீர்கள். அதில் நேரம் கொடுக்கும் என்டிபி சர்வரைப் பெயராகத்தானே கொடுத்திருப்பீர்கள்? பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்குச் சரியான நேரம் வேண்டும். ஒன்றுக்கு மற்றது காத்துக்கொண்டே நிற்கும். உங்கள் ஃபயர்வால் என்டிபி கொடுக்கும் என்றால் அதன் ஐபி முகவரியையே க்ரோனியில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, டிக். சர்வரிடமிருந்து ஏதோ ஒரு பதில் வந்தால் டிக்கின் எக்ஸிட் கோடு 0தான். சர்வ்ஃபெயிலும் ஒரு பதில், 'அப்படிப் பெயரே இல்லை' என்பதும் ஒரு பதில். பதிலே வராவிட்டால்தான் 9 வரும். உங்கள் ஸ்கிரிப்ட் பதில் வந்ததா என்று பார்த்தது, என்ன பதில் என்று பார்க்கவில்லை. ஸ்டேட்டஸ் நோஎர்ரர் (பிழை இல்லை) என்று இருக்கிறதா, எதிர்பார்த்த ஐபி வந்திருக்கிறதா, இரண்டையும் கிரெப் பண்ணி (தேடி) பாருங்கள். டிக்குக்கு டைம் 1, ட்ரைஸ் 1 (ஒரு விநாடி, ஒரே முயற்சி) என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பதில் வராத நேரத்தில் ஸ்கிரிப்டே பல விநாடி தொங்கிக்கொண்டிருக்கும்.

கேட்கிற பெயரையும் மாற்றுங்கள். எல்லோரும் கேட்கிற பெயர் எப்போதும் கேஷில் (முன்பு வாங்கிய பதில்களின் சேமிப்பில்) இருக்கும். லைன் செத்த பிறகும் அன்பவுண்ட் கேஷிலிருந்து எடுத்துச் சரியான பதிலே சொல்லும், கேஷில் ஒரு நாள்வரை வைத்திருக்க அதற்கு அனுமதி உண்டு. உங்கள் கம்பெனியின் வெளி டொமைனில் ஹெல்த் செக்குக்கு என்றே ஒரு பெயர் வைத்து, டிடிஎல் 30 (கேஷில் 30 விநாடி மட்டும்) கொடுங்கள்.

கரூர் | 11.20

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு சர்வர் இருந்தும் வேலை ஒன்றில்தானே ஓடுகிறது? இது ஒன்று விழுந்தால் மற்றது எடுக்கும் ஃபெயில்ஓவர்தான், வேலையைப் பிரிக்கும் லோடு பேலன்சிங் ஆகாது. முன்னால் டிஎன்எஸ்டிஸ்ட் (கேள்விகளை டிஎன்எஸ் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் சாஃப்ட்வேர்) வையுங்கள். விநாடிக்கு ஒருமுறை அதுவே பின்னால் இருக்கும் சர்வர்களைச் சோதிக்கும், சர்வ்ஃபெயில் வந்தால் அதுவே ஒதுக்கிவிடும். அதில் மஸ்ட்ரிசால்வ் என்ற அமைப்பைப் போட்டால் 'பெயர் இல்லை', 'மறுக்கப்பட்டது' என்ற பதில்களையும் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் எழுதும் வேலையே இல்லை.

சரவணம்பட்டி | 11.55

டிஎன்எஸ்டிஸ்ட் நல்ல சாஃப்ட்வேர்தான், நானும் ஓட்டுகிறேன். ஆனால் 400 மெஷினுக்கு ஒரு அன்பவுண்டே தாராளம். தம்பிக்கு வேண்டியது கெட்டுப்போன சர்வரைத் தள்ளிவைப்பது, அவ்வளவுதான். இன்னொரு அடுக்கு வைத்தால் அது விழாமல் பார்க்கவும் ஒன்று வேண்டும்.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. வெளிப் பெயரை வைத்துச் சோதிக்கிறீர்கள், இன்டர்நெட் லைன் போகிறது என்று வையுங்கள். இரண்டு சர்வருமே தோல்வி, இரண்டையுமே டிஎன்எஸ்டிஸ்ட் ஒதுக்கிவிடும். அப்போது வரும் கேள்விகளைப் பதில் சொல்லாமலே கீழே போட்டுவிடும். லைன் போனால் பேங்க் தளம் போகட்டும், ஈஆர்பியும் சேர்ந்து போனால் பேக்கிங்கில் ஒரு லேபிள்கூட அடிக்க முடியாது. உள்பெயருக்கு ஒரு பூல் (சர்வர் குழு), வெளிப்பெயருக்கு ஒரு பூல் என்று பிரித்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஹெல்த் செக் பெயர் இருக்கும் டொமைனின் நேம்சர்வர் விழுந்தால், நன்றாக இருக்கும் இரண்டு சர்வரையும் நாமே ஒதுக்கியதாகிவிடும்.

கீப்அலைவ்டில் இதற்கு நேர்வழி இருக்கிறது. இரண்டு செக் வையுங்கள். உள்ளூர்ப் பெயரைக் கேட்கும் செக்குக்கு வெயிட் (தோற்றால் பிரையாரிட்டியில் கழியும் எண்) கொடுக்காதீர்கள், அது தோற்றால் அந்த சர்வர் ஃபால்ட் நிலைக்குப் போய் விஐபியை விட்டுவிடும். வெளிப் பெயரைக் கேட்கும் செக்குக்கு வெயிட் −30. பிரையாரிட்டி .11க்கு 110, .12க்கு 100. .11 மட்டும் தோற்றால் 80 ஆகும், .12 எடுத்துக்கொள்ளும். லைன் போய் இரண்டுமே தோற்றால் 80, 70, விஐபி இருந்த இடத்திலேயே இருக்கும், ஈஆர்பியும் ஓடும். பக்கத்தில் இருப்பவனைவிட நான் மோசமா என்பதுதான் இங்கே கேள்வி, ஆகவே செக் பெயரே கெட்டாலும் ஒன்றும் ஆகாது.

பாரமும் பிரியவேண்டும் என்றால் 10.10.5.9 என்று இன்னொரு விஐபி வையுங்கள், அதற்கு .12 மாஸ்டர் (முகவரியை வைத்திருப்பது), பிரையாரிட்டி தலைகீழ், ரூட்டர் ஐடி வேறு. திருப்பூருக்கு டிஹெச்சிபியில் .10 முதலில், பல்லடத்துக்கு .9 முதலில்.

கரூர் | 12.10

வெயிட் கணக்கு நான் யோசிக்காதது. சரிதான். ஆனால் நேற்று சிக்கல் வந்தது .11 திரும்பி வந்தபோதுதானே? நோப்ரீஎம்ப்ட் போட்டுவிட்டால் அது திரும்ப எடுக்கவே எடுக்காதே.

சரவணம்பட்டி | 12.25

அதைப் போட்டால் வெயிட் வேலை செய்யாமல் போய்விடும், கவனம். .11 80க்கு இறங்கினாலும், நோப்ரீஎம்ப்ட் இருக்கும் .12 'மாஸ்டர் உயிரோடுதானே இருக்கிறார்' என்று சும்மா இருந்துவிடும். அதற்குப் பதிலாக இரண்டு செக்கிலும் இனிட்ஃபெயில் போட்டு, ரைஸ் 15 கொடுங்கள். எழுந்து வரும் சர்வர் தோற்ற நிலையிலேயே தொடங்கும். 2 விநாடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து 15 முறை, அதாவது அரை நிமிஷம், சரியாகப் பதில் சொன்ன பிறகே முழுப் பிரையாரிட்டி கிடைக்கும். ஃபால் 3 (தொடர்ந்து மூன்று தோல்வி) போதும்.

பெருந்துறை | 1.05

அன்சிபிள் பக்கம் ஒன்று சொல்கிறேன். இரண்டு சர்வருக்கும் ஒரே நேரத்தில் கான்ஃபிக் தள்ளுகிறீர்களா? சீரியல் 1 போட்டீர்களா? ஒன்று முடிந்து சோதித்த பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். கான்ஃபிக் எழுதும் டெம்ப்ளேட் டாஸ்கில் வேலிடேட் கொடுத்து, அதைச் சரிபார்க்கும் அன்பவுண்ட்-செக்கான்ஃப் ஓட்டுங்கள், எழுத்துப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அவிநாசிரோடு | 1.20

சீரியல் 1 இருக்கிறது. டெம்ப்ளேட்டுக்கு அடுத்த டாஸ்கில் டிக் ஓட்டிச் சோதிக்கவும் செய்கிறேன் அண்ணா.

பெருந்துறை | 1.34

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அன்பவுண்டை ரீலோடு செய்வது ஹேண்ட்லர்தானே (மாற்றம் இருந்தால் மட்டும் ஓடும் அன்சிபிள் வேலை)? ஹேண்ட்லர் எல்லா டாஸ்கும் முடிந்த பிறகுதான் ஓடும். அதாவது உங்கள் டிக் சோதிப்பது பழைய கான்ஃபிக்கை. சோதனையைக் கடைசிப் பகுதியான போஸ்ட் டாஸ்க்ஸுக்கு மாற்றுங்கள், அது தொடங்கும் முன்பே ஹேண்ட்லர் ஓடி முடிந்திருக்கும். டிக் ஓட்டுவதையும் சர்வருக்குள் இருந்து செய்யாமல் வேறு மெஷினிலிருந்து செய்யுங்கள். 127.0.0.1க்குப் பதில் வருவதால் யூனிட்டில் இருப்பவருக்கும் வரும் என்று சொல்ல முடியாது.

அவிநாசிரோடு | இரவு 8.40

மதியம் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்து எல்லாம் செய்தேன். கம்பெனியில் ஆள் இல்லாத நாள் என்பதால் பயமில்லாமல் சோதிக்க முடிந்தது.

பட்டன் செல் இரண்டு சர்வரிலும் மாற்றினேன். .11இல் இருந்த பழையதை மல்டிமீட்டரில் வைத்தால் 1 வோல்ட்கூட இல்லை, புதிதில் 3க்கு மேல் காட்டுகிறது. க்ரோனியில் ஃபயர்வாலின் ஐபி.

முதல் சோதனை: .11இல் க்ரோனியை நிறுத்தி, தேதியை இரண்டு வருஷம் பின்னால் வைத்து ரீபூட் செய்தேன். நேற்று நடந்ததே அப்படியே. இந்தமுறை .11 எழுந்தது, வெளிச் செக் தோற்றே நின்றது, பிரையாரிட்டி 80, விஐபி .12ஐ விட்டு நகரவே இல்லை. தேதியைச் சரிசெய்து அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்தேன், கொஞ்ச நேரத்தில் 110 ஆகி விஐபி .11க்கு வந்தது. அதைத்தான் லாகில் பார்த்துக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது.

இரண்டாவது: இரண்டு இன்டர்நெட் லைனையும் பிடுங்கினேன். 80, 70. ஈஆர்பி திறந்தது, லேபிள் அடித்தது.

மூன்றாவதில்தான் மாட்டினேன். பெருந்துறை அண்ணா சொன்னபடி பல்லடம் வாட்ச்மேன் ரூமில் இருக்கும் மெஷினிலிருந்து புது விஐபி .9ஐக் கேட்டேன். 'மறுக்கப்பட்டது' என்று பதில். .12இன் ஆக்சஸ் கன்ட்ரோலில் (யாருக்குப் பதில் சொல்லலாம் என்ற பட்டியலில்) பல்லடம் சப்நெட் (அங்கிருக்கும் முகவரிகளின் தொகுதி) இல்லவே இல்லை. .11இல் எப்போதோ நானே கையால் சேர்த்திருக்கிறேன், கையால் தொடுவதில்லை என்று மேலே எழுதியது தவறு. அப்படியென்றால் நேற்று விஐபி .12இல் இருந்த நேரமெல்லாம் பல்லடத்துக்கு டிஎன்எஸ்ஸே இல்லை. நேற்று அங்கே நைட் ஷிப்ட் இல்லாததால் யாரும் போன் செய்யவில்லை.

சப்நெட் பட்டியலை இப்போது அன்சிபிளில் ஒரே இடத்தில் வைத்து, டிஹெச்சிபி, ஆக்சஸ் கன்ட்ரோல் இரண்டும் அதிலிருந்தே உருவாகும்படி மாற்றிவிட்டேன். பல்லடம் மெஷினில் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்ற கண்காணிப்புக் கருவி போட்டாயிற்று, இரண்டு விஐபியையும் அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும், நோஎர்ரர் தவிர எது வந்தாலும் என் போனுக்குச் செய்தி வரும்.

எல்லோருக்கும் நன்றிங்க. புது யுபிஎஸ் பேட்டரிக்கு முதலாளியிடம் நாளை காலை கேட்கிறேன்.

சரவணம்பட்டி | 9.05

நல்லதுங்க தம்பி. பல்லடம் மெஷினிலிருந்து டிசிபி 53லும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிஎன்எஸ்ஸின் வழக்கமான வழியான யூடிபியில் அடங்காத பெரிய பதில் அந்த வழியாகத்தான் வரும், யூனிட்டுகளுக்கு நடுவில் ஃபயர்வாலில் யூடிபியை மட்டும் திறந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அவிநாசிரோடு | 9.22

பார்த்தேன் அண்ணா. மூடித்தான் இருந்தது. திறந்துவிட்டேன்.