பீவர் பல்லை எந்த இடத்தில் அளப்பது?

வணக்கம். புதைபடிவங்களிலோ பற்களிலோ வேலை செய்பவர்கள் இருந்தால் உதவுங்கள்.

வட அமெரிக்கப் பீவரின் (எலி இனத்தைப் போன்ற பெரிய கொறிவிலங்கு) கீழ்த்தாடைப் பற்களை வெர்னியர் காலிப்பரால் அளந்துவருகிறேன். ஆரஞ்சு நிற வெட்டுப்பல் சாகும்வரை வளர்வது, அதில் குழப்பமில்லை. என் சிக்கல் முன்கடைவாய்ப்பல். அது உயரமாக வளர்ந்து, வயதானபின் அடியில் வேர் மூடிவிடும். நுனி குறுகல், அடி அகலம். அதனால் தேயத் தேய மெல்லும் பரப்பு நீண்டுகொண்டே போகிறது. எனாமல் மடிப்புகளின் வடிவமும் மாறுகிறது. குட்டியின் பல்லையும் கிழத்தின் பல்லையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்பவே முடியாது!

புதைபடிவத்தில் பெரும்பாலும் உதிரிப்பல்தான் கிடைக்கும். அளவு வேறுபட்டால் அது வேறு இனமா, வயதா? பனியுகத்து ராட்சத பீவரான காஸ்டோராய்டஸ் என்றால் கவலையில்லை. 15 சென்டிமீட்டர் வரை நீளும் வெட்டுப்பல், எனாமலில் நீளவாக்கில் வரிகள், பார்த்ததும் தெரிந்துவிடும். நடுத்தர அளவுப் பற்களில்தான் தடுமாறுகிறேன்.

மெல்லும் பரப்பில் அளப்பதா, அடிப்பகுதியிலா? சரி, அடியில் என்றால், தாடைக்குள் புதைந்த பல்லை உடைக்காமல் அளக்க சிடி ஸ்கேன் தவிர வழி உண்டா? எலி, பெருச்சாளிப் பற்களில் தேய்மானத்தை வகைப்படுத்தியவர்கள் உங்கள் முறையைச் சொன்னாலும் பேருதவி.