ஹெர்மன் ஆமை: குஞ்சை வாங்குவதா, வளர்ந்ததை வாங்குவதா?

கேள்வி:
லண்டன் ஹாரோவில், சிறிய பின்தோட்டம் உள்ள வீட்டில் வசிக்கிறோம். எட்டு வயது மகளுக்காக ஹெர்மன் ஆமை (தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த சிறிய தரை ஆமை) ஒன்றை வளர்க்க முடிவு செய்திருக்கிறோம். விற்பனையாளர் ஒருவரிடம் இவ்வாண்டு பொரித்த குஞ்சுகள் உள்ளன. வேறொரு குடும்பம் தங்கள் பன்னிரண்டு வயதுப் பெண் ஆமையைத் தர முன்வந்துள்ளது. மகளுக்குக் குஞ்சின் மீதே ஆசை. எது பொருத்தமாக இருக்கும்?

பதில் 1:
உங்கள் வீட்டுக்கு வளர்ந்த ஆமையே ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன். பொரித்த குஞ்சு பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் ஈரப்பதம் குறைந்தால் ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும், அந்த வடிவம் பிறகு சீராகாது. புற ஊதா விளக்கும் கால்சியமும் போதாவிட்டால் ஓடு மெலிந்து வளையும். ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சில ஆண்டுகளுக்குப் பிறகே அறிய முடியும். காவலின்றித் தோட்டத்தில் விட்டால் எலியும் மேக்பை பறவையும் தூக்கிச் சென்றுவிடும். வளர்ந்த ஆமையோ கோடையில் தோட்டத்துக் களைகளை மேய்ந்தே வாழும்; ஆனால் நரிகள் நடமாடும் பகுதி என்பதால் இரவில் பூட்டிய கூடு கட்டாயம்.

பதில் 2:
பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் வளர்ந்த ஆமையுடன் அதன் பழைய வளர்ப்பின் விளைவுகளும் சேர்ந்தே வரும் என்பதால், என்ன தின்றது, குளிர்காலத்தில் முறையாக உறங்கியதா, இதுவரை முட்டையிட்டதா என்று விரிவாகக் கேளுங்கள். ஆண் துணையில்லாமலும் பெண் ஆமை முட்டையிடும். தோண்டுவதற்கு வெயில் படும் மண்மேடு இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். விலைக்கு வாங்குவதானால் ஆர்டிகிள் 10 சான்றிதழ் (பாதுகாக்கப்பட்ட இன விலங்கை விற்க அரசு தரும் அனுமதி) இருக்கிறதா என்றும், அதிலுள்ள மைக்ரோசிப் எண் ஆமையின் உடலில் பதித்த சிப்பின் எண்ணோடு பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வளர்ந்த ஆமை மகளுடன் பழகுமா?

பதில் 3:
பழகும். உணவு தருபவரை அடையாளம் கண்டு அருகே வரும். ஆனால் அடிக்கடி தூக்கினால் எந்த வயது ஆமையும் மிரளும். டேன்டிலியன் என்ற களைச்செடியின் இலையைத் தரையில் வைத்துக் காத்திருக்க மகளுக்குப் பழக்குங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பார்க்கப் போகும்போது வெயிலுள்ள நண்பகலில் செல்லுங்கள். குளிரில் நலமான ஆமையும் சோர்ந்தே கிடக்கும், நோயுற்றதை அப்போது பிரித்தறிய இயலாது.