வால்பாறையிலிருந்து வந்த பழைய ராலே: 38,000 ரூபாய் தகுமா?

கொடிவேரி வாய்க்கால்:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியில் பழைய பொருள்கள் விற்கும் ஒருவரிடம் ராலே பந்தய சைக்கிள் ஒன்று இருக்கிறது. வளைந்த ஹேண்டில், கீழ்க்குழாயில் இரண்டு கியர் நெம்புகோல்கள், பச்சை வண்ணம், முன்புறம் நாரைத் தலை முத்திரை. வால்பாறையில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது என்றும் 1968-இல் செய்தது என்றும் சொல்கிறார். சீட் குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறது. விலை 38,000 ரூபாய். கோவையிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் அப்புச்சியின் ஹெர்குலஸில்தான் நான் சைக்கிள் பழகினேன். இரும்புச் சைக்கிள் மீதுள்ள பிரியம் அன்றிலிருந்து போகவில்லை. இப்போது விடுமுறை நாள்களில் கோபியிலிருந்து பவானிசாகர் வரை ஓட்டிச் சென்று திரும்புகிறேன். சுவரில் மாட்டி வைக்க வாங்கவில்லை, ஓட்டத்தான் வேண்டும். இந்த விலை நியாயமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

பெருந்துறைச் சாலை:

விலைக்கு முன்னால் உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை அளந்தால் ஃபிரேமின் அளவு வரும். உங்களுக்குப் பொருந்தாத ஃபிரேம் இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் தூக்கி மாட்டிப் பாருங்கள். முழுவதும் 531 குழாயில் செய்த பந்தய சைக்கிள் 10, 11 கிலோவுக்குள் வர வேண்டும். 13 கிலோவைத் தொட்டால் சந்தேகப்படுங்கள்.

சிங்காநல்லூர் லேத்:

அம்மிணி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். “இன்னொருவர் கேட்டிருக்கிறார்” என்ற பேச்சு பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலும் உண்டு. அதற்காகப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவதில் எனக்குத் தீராத ஆசை. இந்த விஷயத்தில் பெயருக்கும் வயதுக்கும் நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். என்ன இரும்பு, நேராக இருக்கிறதா, மரை எப்படி இருக்கிறது, இந்த மூன்றில்தான் விலை அடங்கியிருக்கிறது.

ரெனால்ட்ஸ் 531 என்பது பர்மிங்காமில் 1935-இல் அறிமுகமான மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய். நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கரை இன்று புதிதாக அச்சடித்தே விற்கிறார்கள். அசல் ஸ்டிக்கராக இருந்தாலும் அதிலுள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். சிலவற்றில் குழாய்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பின்கம்பிகள் எல்லாமே 531 என்றிருக்கும். சிலவற்றில் மூன்று பெரிய குழாய்கள் மட்டும் என்றிருக்கும். இரண்டுக்கும் விலை வேறு.

ஸ்டிக்கர் பொய் சொன்னாலும் சீட் தண்டு பொய் சொல்லாது. அதைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மில்லிமீட்டர். உள்ளே போகும் தண்டு 27.2 என்றால் குழாயின் சுவர் மெல்லியது, உயர்ந்த வகை. 26.4 அல்லது அதற்கும் கீழே என்றால் சுவர் தடிமன், பெரும்பாலும் சாதாரண எஃகாக இருக்கும். தண்டிலேயே அளவு பொறித்திருக்கும் என்றாலும் யாராவது தகரம் சுற்றி வேறு தண்டைச் செருகியிருக்கலாம். குழாயின் உள்வாயையும் அளந்துவிடுங்கள்.

தண்டை எடுத்த கையோடு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். வால்பாறை மழை உங்களுக்குத் தெரியாததில்லை, பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. துருத்தூள் கொஞ்சம் விழுந்தால் கவலை இல்லை. செதில் செதிலாக விழுந்தால் மேலே வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது அடிபட்ட தடம். எதிலாவது நேராக மோதிய சைக்கிளில், முன்குழாய்க்குச் சற்றுப் பின்னால் மேல்குழாயின் அடிப்பக்கமும் கீழ்க்குழாயின் அடிப்பக்கமும் மடிந்திருக்கும். கண்ணுக்குத் தப்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள், சிறு மேடு தட்டுப்பட்டால் அதுதான். வண்ணம் அந்த இடத்தில் மட்டும் வெடித்திருந்தாலும் அதே கதை. பிறகு ஒரு நூல் எடுத்து, பின் அச்சு மாட்டும் ஒரு வாயில் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறு வாய்க்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இருபக்க நூலுக்கும் உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை எஃகுச் சட்டத்தில் நெம்பிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் வேண்டாம்.

மரையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பணம் கரைவது அங்கேதான். ராலே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த பல ஃபிரேம்களில், பெடல் அச்சின் பால்ஸைத் தாங்கித் திருகி ஏறும் கப்புக்கு அங்குலத்துக்கு 26 மரை போட்டிருக்கிறது. மற்ற ஆங்கிலேயச் சைக்கிள்களில் 24 மரை. கப் தேய்ந்திருந்தால் கடையில் கிடைக்கும் கப் ஏறாது. நான் கடைந்து தருவேன். பால்ஸ் ஓடும் தடத்தைக் கடினப்படுத்தி அரைத்தும் ஆக வேண்டும், கூலி கப்பின் விலையைப் போலப் பல மடங்கு வரும். அதனால் பெடல் மாட்டும் கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, செயினைக் கழற்றிவிட்டுச் சுழற்றியும் பாருங்கள்.

முத்திரையை வைத்து நாட்டிங்ஹாம் என்று முடிவு கட்டாதீர்கள். மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலையும் அந்தப் பெயரில் சைக்கிள் செய்தது. உங்களுடையது பந்தய வகை என்பதால் இறக்குமதியாக இருக்க வாய்ப்பு அதிகம். கியர் பாகங்கள் ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்துடையவை என்றால் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், அவற்றைக் குறித்து அனுப்புங்கள்.

கொடிவேரி வாய்க்கால்:

அண்ணா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டேன். விற்பவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே நூலைப் பிடித்துக்கொண்டார். சீட் தண்டு 26.4, குழாயின் உள்வாயும் அதற்கேற்பத்தான் இருக்கிறது. துரு கொஞ்சம், வெறும் தூள்தான். மேடு எதுவும் தட்டுப்படவில்லை. நூல் 2 மில்லிமீட்டர் விலகல். எடை 12.8 கிலோ. பின் கியர் மாற்றியில் ‘ஜி டி’, இரண்டு கிராங்கிலும் ‘ஜி சி’ என்ற எழுத்துகள். பின் அச்சு மாட்டும் இடைவெளி 126 மில்லிமீட்டர். கிராங்க் ஆட்டம் இல்லை. ரிம் குரோம் பூசிய எஃகு, டயரில் 27 x 1¼ என்று இருக்கிறது. ஹேண்டில் தண்டு மட்டும் அசையவே இல்லை. ஃபிரேம் 21½ அங்குலம், நான் ஐந்தடி ஆறு அங்குலம்.

பெருந்துறைச் சாலை:

அளவு பொருந்துகிறது, மகிழ்ச்சி. மழையில் எஃகு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது, அதை நினைவில் வையுங்கள்.

சிங்காநல்லூர் லேத்:

அம்மிணி, அளந்து வந்த விதத்தைப் பார்த்து மனம் நிறைந்தது.

இது 1968 இல்லை. ஷிமானோவில் முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஆண்டுக் கணக்கு 1976-இல் ‘ஏ’யில் தொடங்குகிறது, ‘ஜி’ என்றால் 1982. கியர் மாற்றி ஏப்ரல், கிராங்க் மார்ச். கியர் மாற்றி ஒன்றை மட்டும் யாராவது பிறகு மாற்றியிருக்கலாம். கிராங்கும் அதே ஆண்டு, இடைவெளியும் ஐந்து பல்சக்கர காலத்தின் 120 இல்லாமல் ஆறு பல்சக்கரத்துக்கான 126 என்றால் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. 26.4 தண்டும் 12.8 கிலோவும் அந்த 531 ஸ்டிக்கரைச் சந்தேகப்பட வைக்கின்றன. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

இருந்தாலும் நேரான சட்டம், ஒரே காலத்துப் பாகங்கள், ஆட்டமில்லாத அச்சு. ஓட்டுவதற்கு அருமையான சைக்கிள். எனக்கு இது 14,000 ரூபாய் பெறும். அசல் வண்ணம் கலையாமல் இருந்தால் 16,000 வரை போவேன். ரப்பர், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் உங்கள் கைச்செலவு. 27 அங்குல டயர் தேடித்தான் வாங்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் 28 x 1½ டயர் அந்த ரிம்மில் நிற்காது, அதன் உள்விட்டம் 635 மில்லிமீட்டர், இந்த ரிம்முக்கு வேண்டியது 630. பிற்பாடு 700சி என்ற சற்றுச் சிறிய அளவு அலுமினிய ரிம்முக்கு மாறினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக்கில் அந்த இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஹேண்டில் தண்டுதான் ஒரே தடை. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மேலே உள்ள போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். அதற்கும் அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட வேண்டும். இதை விற்பவரே செய்து, தண்டைத் திருப்பிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். அவர் மறுத்தால் 10,000 சொல்லுங்கள். சிங்காநல்லூருக்குக் கொண்டுவந்தால் நான் எடுத்துத் தருகிறேன்.